கடைமடைக்கு ஒரு நிறம்

குடியிருப்புக்கு மஞ்சள்.
வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா.
வேளாண்மைக்குப் பச்சை;
வாழைக்கு ஒன்று, நெல்லுக்கு ஒன்று என்று கேட்டால்
மென்பொருள் ஒரே பச்சைதான் தரும்.
இன்னும் இருபது வருடத்துக்கான திருநெல்வேலியை
இருபத்தொரு மாதமாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.
கிழக்கு ஜன்னல். பத்து மணி வரை
திரையில் வெயில்தான் தெரியும்.

எல்லைக்கோடு போட்டதும் நான்தான்.
கே.டி.சி. நகர் தாண்டி, நாற்கரச் சாலை தாண்டி,
பாளையங்கால்வாயை ஓரிடத்தில்
குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது.
அங்கே ஒரு மடை இருப்பது படத்தில் விழவில்லை.
செயற்கைக்கோள் கடந்த அன்றைக்கு
யாரோ அதன்மேல் வைக்கோல் காயப்போட்டிருந்தார்கள்.

ஆட்சேபணைக் கூட்டத்தில் நூற்றுப் பத்து மனு.
நூறு பேர் கேட்டது ஒன்றேதான்:
எங்கள் சர்வே எண்ணை மஞ்சளாக்குங்கள்.
பீர் மைதீன் என்பவர் மட்டும்
மாவு மில்லுக்கு ஊதா எதற்கு, நீலம் போதாதா என்றார்.
நியாயம்தான். குறித்துக்கொண்டேன்.

டோக்கன் எண்பத்தேழு, ஆவுடைத்தங்கம்.
மனு இல்லை. வாழைநார் சுற்றிய ஒரு பாட்டிலை
மேசைமேல் வைத்தார். உள்ளே தண்ணீர், நுரை,
துணைக்கு ஒரு ஷாம்பு பாக்கெட்.

"கால்வாய்ல கோரினது சார். இதத்தான் பாய்ச்சுதேன்.
இதுல வெளஞ்ச கீரையத்தான் வெள்ளன
ஒங்க மார்க்கெட்டுல எறக்குதேன்.
நீங்க தின்னுட்டுக் கழுவுதீய.
கழுவினது திரும்ப எனக்கு வருது.
இதுல டவுனு எது, பட்டிக்காடு எதுன்னு
அந்தப் படத்துல கொஞ்சம் காட்டுங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
மடையை ஒட்டி இரண்டு ஏக்கர் புறம்போக்காம்.
கோரையும் சம்பும் தன்னால் வளர்ந்து கிடக்காம்.
போன ஐப்பசியில் கரை உடைந்து
கால்வாய் அதற்குள் புகுந்து நின்றதில்
மறுநாள் அந்தப் பக்கம் தெளிந்து போனதாம்.
அதை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.
அப்புறம், முதல் பஸ் நாலு பத்துக்கு வேண்டும்.
மார்க்கெட்டில் பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ்.
பாட்டிலை எடுக்காமலே போய்விட்டார்.

இரண்டு ஏக்கருக்கு என்ன நிறம்?
மஞ்சள் என்றால் மூன்று வருடத்தில் மாடி வீடு.
பச்சை என்றால் அது வயல்;
ஊர்ச் சாக்கடைக்கு அங்கே வேலை கிடையாது.
பொது உபயோகச் சிவப்பு பூசினால்
சமுதாயக்கூடம் கட்டிவிடுவார்கள், கல்வெட்டோடு.
எதுவும் பூசாமல் சேமித்தேன்.
'இடைவெளி உள்ளது' என்றது மென்பொருள்.
இதென்ன ஓட்டை என்றார் துணை இயக்குநர்.
மடை என்றேன்.
மடைக்குக் குறியீடு இல்லையே என்றார்.
அச்செடுத்த தாளில் 'பரிசீலனைக்கு' என்று
பென்சிலால் எழுதி வைத்தோம்.
இன்றைக்கும் பென்சில்தான்.

கக்கூஸுக்கு நிதி இல்லை. பஸ் மட்டும் வந்தது.
ஒருநாள் மூன்று மணிக்கே பைக்கில் போய்
மடைப்பக்கம் நிறுத்திவிட்டு ஏறினேன்.
பின்சீட் முழுக்க கீரை, மல்லித்தழை,
இலைக்கட்டுகள். ஆஸ்பத்திரி ஷிஃப்டுக்குப் போகும்
இரண்டு பெண்கள் தோளில் தோள் சாய்ந்து தூங்க,
மாவு வாளியை முழங்காலால் பிடித்தபடி ஒருவர்.
ஆவுடைத்தங்கம் என்னைப் பார்த்து
"பாட்டில் இருக்கா?" என்றார்.
"மேசைமேலேயே இருக்கு."
"தெளிஞ்சிருக்குமே."
"அடியில என்னமோ கறுப்பா தங்கியிருக்கு."
"அது ஒங்களுக்கு" என்றார்.

இலைக்கட்டில் சொட்டிய தண்ணீர்
பஸ் தரையில் ஒரு வரியாய் ஓடிற்று.
பாலம் ஏறும்போது பின்னுக்கு.
சமாதானபுரத்தில் பிரேக் போட்டதும் முன்னுக்கு,
என் செருப்பை நனைத்து, டிரைவர் வரைக்கும்.

என் கோட்டை எங்கேயோ தாண்டியிருந்தோம்.
எந்த இடம் என்று பார்க்கத்தான் வந்திருந்தேன்;
அந்நேரம் பார்த்து
கண்டக்டருக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.